விடுதலைக்குப் பயந்த கேப்டன்

அத்தியாயம் 6

சிறையை உடைத்துக்கொண்டு ஓடியவர்களைப் பற்றி எத்தனையோ கேள்விப்பட்டிருக்கிறேன். விடுதலை என்று சொன்னதும் ஜன்னல் வழியாகக் குதித்து ஓடிய ஆளைப் பற்றி அன்று காலைதான் முதல் தடவையாகக் கேள்விப்பட்டேன்.

செய்தி கொண்டுவந்தவள் கெசியா மெர்ரிமன். எங்கள் ஊர்த் தேம்ஸ் தெருவில் 'மூன்று நங்கூரம்' விடுதிக்குச் சொந்தக்காரி, விதவை. கதவைத் தட்டும் பழக்கமெல்லாம் அவளுக்குக் கிடையாது. நேராக உள்ளே வந்து, மேசை மேல் நீட்டியிருந்த ஒபதியா பாஸ்லியின் காலைத் தள்ளிவிட்டு, அந்த இடத்தில் தன் கூடையை வைத்தாள்.

"பாஸ்லி அண்ணே, கேப்டன் ஓடிட்டான்."

"எந்தக் கேப்டன்? நம்ம ஃபெல்ஸ் பாயிண்ட்ல கல்லை விட்டெறிஞ்சா ஏதாவது ஒரு கேப்டன் மண்டையிலதான் விழும்."

"என் தம்பியை மீட்டுக் குடுக்க வேண்டிய கேப்டன்."

பாஸ்லி நிமிர்ந்து உட்கார்ந்தார்.

அவரைப் பற்றி ஒரு வார்த்தை சொல்லிவிடுகிறேன். முழங்கால் கெட்டுப்போகும்வரை அவர் எதிரிக் கப்பலைப் பிடிக்கும் சீட்டுக் கப்பல்களில் சோதனைக்காரர். பிடிபட்ட கப்பலின் கேப்டன் தங்கத்தை மாவுப் பீப்பாயில் ஒளித்தானா, கோழிக் கூண்டில் ஒளித்தானா, செத்துப்போன பாதிரியாரின் பெட்டியில் ஒளித்தானா என்று மோப்பம் பிடிப்பது அவர் வேலை. இப்போது கரையில் உட்கார்ந்து அதே வேலையைப் பார்க்கிறார். நான் டார்கஸ் டைடிங்ஸ், அவருக்கு உதவியாள். கப்பல் பாய் தைத்தவரின் விதவை. அவருக்கு மூளை, எனக்கு வாய். இரண்டும் சேர்ந்தால்தான் பிழைப்பு ஓடும்.

எங்கள் ஃபெல்ஸ் பாயிண்ட் துறைமுகத்தில் சண்டை என்பது தேசபக்தி கலந்த வியாபாரம். வாஷிங்டனிலிருந்து ஒரு சீட்டு வரும். அது கையில் இருந்தால் ஆங்கிலேயன் கப்பலை மடக்கிப் பிடித்து விற்கலாம். உனக்குப் பெயர் வீரன். சீட்டு இல்லாமல் அதையே செய்தால் பெயர் கொள்ளைக்காரன், கழுத்துக்குக் கயிறு. ஆங்கிலேயனும் தன் ஆட்களுக்கு அதே மாதிரி சீட்டு எழுதிக் கொடுக்கிறான் என்பது ஒன்றுதான் இந்தத் தொழிலில் தொந்தரவு. ஆங்கிலேயனோடு அமெரிக்காவுக்குச் சண்டை தொடங்கி இது இரண்டாவது கோடை. கெசியாவின் தம்பி ஏசா முதல் பயணத்திலேயே மாட்டிக்கொண்டு வடக்கே ஆங்கிலேயனின் ஹாலிபாக்ஸ் சிறையில் கிடந்தான்.

"வெஸ்டகாட்டுன்னு ஒரு ஆங்கிலேயக் கேப்டன் இங்க கைதியா இருக்கான்ல," என்றாள் கெசியா. "இன்னிக்குச் சாயங்காலம் கைதிகளை மாத்திக்கற வெள்ளைக்கொடிக் கப்பல்ல அவனை ஹாலிபாக்ஸுக்கு ஏத்தறாங்க. ஒரு கேப்டனுக்கு மூணு மாலுமின்னு ரெண்டு சர்க்காரும் பேசி வெச்ச கணக்கு. அவன் அங்க இறங்கினா ஏசாவும் இன்னும் ரெண்டு பசங்களும் இங்க வருவாங்க. பட்டியல்ல ஏசா மூணாவது. நேத்து ராத்திரி, கைதிங்களுக்குப் பொறுப்பான மார்ஷலோட ஆளு போய் 'நாளைக்கு உனக்கு விடுதலை'ன்னு சொல்லியிருக்கான். காலையில பாத்தா ஜன்னல் தொறந்து கிடக்கு."

"சந்தோஷம் தாங்காம குதிச்சுட்டாரோ என்னவோ," என்றேன்.

கெசியா சிரிக்கவில்லை. "ஏசாவுக்கு நெஞ்சுல சளி, டார்கஸ். அங்கிருந்து வந்த ஆளு சொன்னான். இன்னொரு குளிர்காலம் தாங்கமாட்டானாம். அவன் கப்பலுக்கே போகமாட்டேன்னுதான் சொன்னான். 'ஊர்ல ஆம்பளைங்க எல்லாம் போறாங்க, நீ அடுப்படியில உக்காந்திருக்கியா'ன்னு நான்தான் மூட்டை கட்டிக் குடுத்தேன்."

அவளுக்கு ஒரு நாற்காலியை இழுத்துப் போட்டேன்.

"தேடிப் பாக்கறேன்மா," என்றார் பாஸ்லி.

"மத்தியானம் அப்படியே விடுதிக்கு வந்து சாப்பிடுங்க. காசு வேண்டாம்."

"காசு குடுத்தாலும் வேண்டாம்மா," என்றார் பாஸ்லி அவசரமாக.

கெசியாவின் காது சிவந்தது. "டிம்ஸுக்குக் கைப்பக்குவம் கொஞ்சம் கம்மிதான். ஆனா தங்கமான மனுஷன்."

டிம்ஸ் என்பவர் அவள் அடுப்படியில் இருக்கும் ஆங்கிலேயக் கைதி. வெஸ்டகாட்டின் கப்பலில் சமையல்காரராக இருந்தவர். சாதாரணக் கைதிகளை யாராவது பொறுப்பேற்றுக்கொண்டால் மார்ஷல் வேலைக்கு விட்டுவிடுவார். அவருக்கும் சோற்றுச் செலவு மிச்சம். டிம்ஸ் வந்ததிலிருந்து 'மூன்று நங்கூர'த்தில் எல்லாவற்றிலும் உப்பு கடல்மட்டத்துக்கு ஏறிவிட்டது. அதனால் பீர் விற்பனை இரண்டு மடங்கு ஆனது. கெசியா அவரை விடாமல் வைத்திருப்பது அதனால்தான் என்று ஊர் பேசிக்கொண்டது. அவள் காதைப் பார்த்தால் எனக்கு அப்படித் தெரியவில்லை.

*

வெஸ்டகாட் தங்கியிருந்தது தையல்காரர் புரூபேக்கரின் மாடியில். கேப்டன் என்றால் கொட்டடி கிடையாது. ஊரைத் தாண்டமாட்டேன் என்று வாக்குக் கொடுத்தால் போதும், மெத்தையில் படுக்கலாம். வைக்கோல் மாலுமிகளுக்கு.

புரூபேக்கர் கண்கள் சிவந்து வாசலில் நின்றார்.

"அவ்வளவு சினேகமா?" என்றேன்.

"இனிமே எனக்கு யாரும்மா வாத்துக்கறி வெச்சுத் தருவா?"

படியில் கால் வைத்த பாஸ்லி நின்றார். "கேப்டன் சமைப்பாரா?"

"பொழுது போகலைன்னு ஆரம்பிச்சாருங்க. அப்புறம் என் வீட்டுக்காரியை அடுப்புப் பக்கமே விடலை. ஆனா ஒரு குறை. நானும் தையக்காரன், என் வீட்டு மாடியில இருக்கறவரு விரல் நுனி தெரியாத கோட்டு போட்டுக்கிட்டு நடக்கறாரு. கை நீளத்தைக் குறைச்சுத் தரேன், சும்மாவே தரேன்னேன். கத்திரியைப் பாத்ததும் கோட்டைப் புடுங்கிக்கிட்டாரு. இதை வெட்ட எனக்கு உரிமை இல்லைன்னாரு. என்ன பேச்சு அது?"

மாடி அறை சுத்தமாக இருந்தது. ஜன்னலுக்கு நேர் கீழே கோழிக்கூண்டின் கூரை, அதற்கப்பால் துறைமுகம் முழுவதும். நீலக் கோட்டு தூசி தட்டி ஆணியில் மாட்டியிருந்தது. பக்கத்தில் தொப்பி. அலமாரியில் பித்தளைத் தொலைநோக்கி. பாஸ்லி அதை எடுத்து நீட்டிப் பார்த்தார். நீளவில்லை. உப்புக் காற்றில் பச்சைக் களிம்பு பிடித்து ஒட்டிப்போயிருந்தது.

"மார்ச் மாசத்துலேருந்து இந்த ஜன்னல் ஓரமா இருந்திருக்கான். கீழே போற வர்ற கப்பல் அத்தனையும் தெரியுது. ஒரு தடவைகூட இதை எடுத்துப் பாக்கலை."

"கப்பல் பாத்து சலிச்சுப்போச்சோ என்னவோ."

"சலிச்சுப்போன கேப்டன் திட்டறதுக்காகவாவது பாப்பான், டார்கஸ்." அவர் படிப்பக்கம் திரும்பிக் குரல் கொடுத்தார். "புரூபேக்கர், உங்க வீட்டுல ஏதாவது காணாமப்போயிருக்கா?"

பதில் அவர் மனைவியிடமிருந்து வந்தது. "என் ஜாதிக்காய் துருவி. அப்புறம் மீன் நறுக்கற சின்னக் கத்தி."

பாஸ்லி கட்டிலில் உட்கார்ந்து முழங்காலைத் தடவிக்கொண்டார். "ஓடறவன் எதை எடுத்துட்டு ஓடறானோ அதை வெச்சு அவன் யாருன்னு சொல்லிடலாம். இவன் தொலைநோக்கியை விட்டுட்டு துருவியைத் தூக்கிக்கிட்டு ஓடியிருக்கான்."

"துருவித் துருவி விசாரிக்க வேண்டிய கேஸ்தான்."

"ஹாலிபாக்ஸ் துறைமுகத்துல ஆங்கிலேயக் கேப்டனுங்க நூறு பேர் இருப்பாங்க. வெஸ்டகாட்டோட குடிச்சவன், சண்டை போட்டவன் எல்லாம் இருப்பான். இவன் மூஞ்சியைப் பாத்ததும் சிரிச்சுடுவான். அதுக்குத்தான் பயந்து ஓடியிருக்கான். இவன் கேப்டனே இல்லை, டார்கஸ்."

எனக்குச் சிரிப்பு வரப்பார்த்தது. உடனே கணக்கு நினைவுக்கு வந்தது. இவன் வெறும் ஆள் என்றால் ஒரு ஆளுக்கு ஒரு ஆள்தான். பட்டியலில் முதல் பையன் வருவான். ஏசா வரமாட்டான்.

"கோட்டை எடுத்துக்க," என்றார் பாஸ்லி. "இதோட சொந்தக்காரன் யாருன்னு பாக்கணும்."

*

வெஸ்டகாட்டின் கப்பலைப் பிடித்தது 'நல்ல மருமகன்' என்கிற சீட்டுக் கப்பல். முதலாளி தன் மருமகனைக் குத்திக்காட்ட வைத்த பெயர். வளைகுடா வாயை ஆங்கிலேயன் அடைத்து வைத்திருந்ததால் அது துறையில் சும்மா நின்றது. பிடித்த அன்று வெஸ்டகாட்டின் கப்பலில் முதலில் குதித்து ஏறிய லெமுவேல் ஹூப்பர், நீர் கசியாமலிருக்கப் பலகை இடுக்கில் தார்க்கயிறு அடித்துக்கொண்டிருந்தார்.

"லெமுவேல், அந்தக் கப்பல்ல கேப்டன் யாருன்னு எப்படித் தெரிஞ்சுக்கிட்டே?" என்று கேட்டார் பாஸ்லி.

"கோட்டை வெச்சுத்தான். ஏன், நீ இந்தத் தொழில்ல இருந்தவன்தானே? ஏறின உடனே எவன் நல்ல கோட்டு போட்டிருக்கானோ அவன்கிட்ட போய்த் தொப்பியைக் கழட்டி, 'ஐயா, உங்க கப்பல் இனிமே எங்க கப்பல்'னு மரியாதையாச் சொல்லணும். நான் சரியாத்தான் சொன்னேன்."

"அவர் என்ன சொன்னாரு?"

"'ரொம்ப சந்தோஷம்'னாரு. நானும் பெரிய மனுஷங்க இப்படித்தான் பேசுவாங்கபோலன்னு விட்டுட்டேன்."

"மத்தவங்க?"

"ரொட்டியும் தண்ணியும் குடுத்து, அவங்க படகுலயே ஏத்திக் கரையோரமா விட்டுட்டோம். அத்தனை பேருக்கு யாரு சோறு போடறது? கப்பல் எங்களுக்குத்தான்னு கோர்ட்டுல சாட்சி சொல்ல ரெண்டு பேர் இருந்தாப் போதும். கேப்டனை வெச்சுக்கிட்டோம். கூட அந்தச் சமையக்காரன்."

"ஏன் சமையக்காரன்?"

"எங்க கப்பல் சாப்பாட்டை நீ தின்னிருக்கியா? பணக்காரக் கப்பலாச்சே, சமையலாவது உருப்படியா இருக்கும்னு ஆசைப்பட்டோம்."

"இருந்துதா?" என்றேன்.

ஹூப்பர் சுத்தியலைக் கீழே வைத்தார். "ரெண்டாம் நாளே எங்க பழைய ஆளைக் கெஞ்சிக் கூத்தாடித் திரும்ப அடுப்புல உக்கார வெச்சோம்."

நாங்கள் துறையோரமாக நடந்தோம். வெயில் ஏறிக்கொண்டிருந்தது.

"நிஜக் கேப்டன் கோட்டை எவன் மேலேயோ மாட்டிவிட்டுட்டு அந்தப் படகுலயே நழுவிட்டான்," என்றேன். "இந்நேரம் சொந்த ஊரு பிரிஸ்டல்ல உக்காந்து ஊர்க்காரங்ககிட்ட வீரப்பிரதாபம் அளந்துக்கிட்டிருப்பான்."

"அப்படித்தான் இருக்கணும்."

"கெசியாகிட்ட இதை யாரு சொல்றது?"

"உனக்குத்தானே வாய்."

சில நாட்களில் எனக்கு அந்த மனிதரைத் தண்ணீரில் தள்ளிவிடத் தோன்றும். அன்று அப்படி ஒரு நாள்.

"எதுக்கும் அந்த டிம்ஸை ஒரு தடவை கேட்டுப் பாக்கலாம்," என்றார். "அந்தக் கப்பல் ஆளு இந்த ஊர்ல அவன் ஒருத்தன்தான். கையில காசில்லாம ஓடினவன் தெரிஞ்ச முகத்தைத் தேடித்தான் போவான்."

*

'மூன்று நங்கூரம்' நண்பகலில் எப்படி இருக்கும் என்று எனக்குத் தெரியும். தெருமுனையிலேயே சத்தம் கேட்கும். "பீர் எங்கே" என்று நாலு திசையிலிருந்தும் கத்துவார்கள். அன்று வாசல்வரை போயும் சத்தமே இல்லை. யாரோ செத்துவிட்டார்கள் என்று நினைத்தேன்.

உள்ளே கூடம் நிறைந்திருந்தது. கப்பல் தச்சர்கள், மாலுமிகள், சுங்க அலுவலகத்து குமாஸ்தா ஒருவர். எல்லோரும் குனிந்து நண்டு சூப் குடித்துக்கொண்டிருந்தார்கள். ஒரு தச்சர் சோள ரொட்டியால் கிண்ணத்தைத் துடைத்து, அதையும் தின்றுவிட்டு, கண்ணை மூடிக்கொண்டார். பீப்பாய்க்காரப் பையன் வேலையில்லாமல் ஈ ஓட்டிக்கொண்டிருந்தான்.

கெசியா பிடரியில் கைவைத்தபடி நடுவில் நின்றாள். "நான் இப்பத்தான் உள்ளே வந்தேன். யாருமே பீர் கேக்கலை. எனக்கு பயமா இருக்கு."

பாஸ்லி பக்கத்தில் இருந்தவரின் கரண்டியை அனுமதி கேட்காமல் எடுத்து ஒரு வாய் குடித்தார். இன்னொரு வாய் எடுத்து நாக்கில் உருட்டினார்.

"ஜாதிக்காய்," என்றார். "டார்கஸ், ஓடிப்போன கைதி கிடைச்சுட்டான்."

அடுப்படிக் கதவைத் தள்ளினோம். உள்ளே இரண்டு பேர். குள்ளமான ஒருவன் எங்களுக்கு முதுகைக் காட்டிக்கொண்டு பெரிய பானையைக் கிளறிக்கொண்டிருந்தான். கவிழ்த்துப் போட்ட வாளியில் உட்கார்ந்திருந்த நெடிய ஆள் டிம்ஸ். அவர் உருளைக்கிழங்கு சீவிக்கொண்டிருந்தார். சீவிப் போட்ட தோல், மிச்சமிருந்த கிழங்கைவிடப் பெரியதாக இருந்தது.

"கேப்டன் வெஸ்டகாட்," என்றார் பாஸ்லி.

குள்ளன் கரண்டியை விடாமலே திரும்பினான். முகம் வெளுத்துவிட்டது. "சூப் அடிபிடிச்சுடும் ஐயா, ஒரு நிமிஷம்," என்றான்.

கெசியா அவன் சட்டையைப் பிடித்தாள். "ஏன்டா ஓடினே? என் தம்பி அங்க சாகக் கிடக்கறான், நீ இங்க சூப் கிளறிக்கிட்டிருக்கியா? நட, கப்பலுக்கு."

"நான் போனா உங்க தம்பி வரமாட்டாரும்மா." அவன் கண் கலங்கியது. "நான் கேப்டன் இல்லை. நான் வெறும் சமையக்காரன். அங்க இறங்கினதும் கண்டுபிடிச்சுடுவாங்க. அமெரிக்காக்காரன் சமையக்காரனைக் கேப்டன்னு சொல்லி ஏமாத்தறான்னு சொல்லி ஒருத்தரையும் விடமாட்டாங்க. என்னையும் தோலை உரிப்பாங்க. அதான் ஓடினேன்."

கெசியாவின் கை தளர்ந்தது. சுவரைப் பிடித்துக்கொண்டாள். "ஒரு ஆளுக்கு ஒரு ஆளு," என்றாள். "ஏசா மூணாவது."

அவளிடம் போய்ச் சேர நான் ஒரு அடி எடுத்து வைத்தேன். பாஸ்லி என் கையிலிருந்த நீலக் கோட்டை வாங்கிக்கொண்டார்.

"இந்த ஊர்லயே பெரிய முட்டாள் நான்தான், டார்கஸ். நீ ரெண்டாவது. இவன் பேர் என்னன்னு யோசிச்சியா?"

"சொன்னாத்தானே தெரியும்."

"அந்தக் கப்பல்லேருந்து ரெண்டே பேரைத்தான் இறக்கினாங்க. ஒருத்தன் கேப்டன், ஒருத்தன் சமையக்காரன். இதோ சமையக்காரன். கரண்டியை விடமாட்டேங்கறான் பாரு." அவர் வாளியின் பக்கம் திரும்பினார். "மார்ச் மாசத்துலேருந்து ஊரே இந்த அடுப்படிச் சாப்பாட்டைத் தின்னுட்டு வயித்தைப் பிடிச்சுக்கிட்டு அலையுது. உப்பைத் திட்டினோம், கையைத் திட்டினோம், ஆளைத் திட்டினோம். இவரு சமையக்காரரே இல்லைன்னு ஒருத்தனுக்குக்கூடத் தோணலை. ஆங்கிலேயன் சமையல்னா இப்படித்தான் இருக்கும்னு நம்பிட்டோம்."

சொல்லிக்கொண்டே கோட்டை அந்த நெடிய மனிதரின் தோளில் போட்டார். அவர் பழக்கத்தில் கையை நுழைத்துவிட்டார். அளவெடுத்துத் தைத்தது போல மணிக்கட்டில் வந்து நின்றது.

கெசியா அவரைப் பார்த்தாள். அந்தப் பார்வையை நான் பார்த்திருக்கக் கூடாது.

"டிம்ஸ்?"

"டிம்ஸ் அவன். ஜாப் டிம்ஸ்." வாளியிலிருந்து எழுந்தவர் தலை குனிந்தே நின்றார். "நான் ஹம்ஃப்ரி வெஸ்டகாட். உங்க ஆளுங்க கப்பல்ல ஏறினப்ப பயந்துட்டேன், கெசியா. சீட்டுக் கப்பல்காரங்க கேப்டனைக் கட்டிவெச்சு, காசு எங்கேன்னு கால்ல சூடு போடுவாங்கன்னு கேள்விப்பட்டிருந்தேன். கோட்டைக் கழட்டி ஜாப் மேல போட்டுட்டேன்."

"எனக்கும் அந்தக் கோட்டு மேல ரொம்ப நாளா ஒரு ஆசை," என்றான் ஜாப், அடுப்பைப் பார்த்தபடி.

"அப்புறமாவது சொல்லித் தொலைச்சிருக்கலாமே," என்றேன்.

"சொல்லலாம்னுதான் இருந்தேன். அதுக்குள்ள இந்த அடுப்படியில கொண்டாந்து விட்டுட்டாங்க." அவர் கெசியாவைப் பார்த்தார். "முப்பது வருஷம் கடல்ல இருந்தேன். ஒரு நாள்கூட அது எனக்குப் பிடிக்கலை. பிரிஸ்டல்ல எனக்குன்னு யாரும் இல்லை. இங்க காலையில எழுந்தா நீ யாரையாவது திட்டற சத்தம் கேக்கும். அதைக் கேட்டுக்கிட்டே இருக்கலாம்னு தோணிப்போச்சு."

"உனக்குச் சமைக்கத் தெரியாதுன்னு எனக்குத் தெரியும்," என்றாள் கெசியா. "பொய் சொல்லத் தெரியும்னுதான் தெரியாமப்போச்சு."

கூடத்திலிருந்து யாரோ இன்னொரு கிண்ணம் சூப் கேட்டார்கள். ஜாப் மெதுவாக ஊற்றி வைத்தான்.

பாஸ்லி தொண்டையைச் செருமினார். "இது நம்ம அஞ்சு பேருக்குத்தான் தெரியும். என்னைக் கூப்பிட்டது நீ, கெசியா. வெளியே சொல்லணுமா வேண்டாமான்னு நீதான் சொல்லணும்."

எனக்கு அவர் மேல் கோபம் வந்தது. ஒரு பெண்ணின் இடது கையில் தம்பியையும் வலது கையில் மனதுக்குப் பிடித்தவனையும் வைத்து, எது வேண்டும் என்று கேட்பது துப்பறிகிறவன் வேலையா? ஆனால் யோசித்தால் வேறு யாரைக் கேட்பது என்றும் தெரியவில்லை.

"கெசியா," என்றார் வெஸ்டகாட். "நீ போன்னு ஒரு வார்த்தை சொல்லு. போயிடறேன்."

அவள் முகம் மாறியது. "அதையும் என் தலையிலயே கட்டறியா? ஏற்கெனவே ஒருத்தனைப் போன்னு சொன்னவ நான். மூட்டை கட்டிக் குடுத்தவ நான். அவன் அங்க இருமிக்கிட்டிருக்கான். உனக்கும் என் வாயாலயே சொல்லணுமா? கோட்டைக் கழட்டினப்ப என்னையா கேட்டுக்கிட்டுக் கழட்டினே?"

ஏப்ரனை அவிழ்த்து மேசைமேல் எறிந்துவிட்டுப் பின்வாசல் வழியாகப் போய்விட்டாள்.

வெஸ்டகாட் கோட்டின் பொத்தான்களை மேலிருந்து கீழாக ஒவ்வொன்றாகப் போட்டுக்கொண்டார்.

"கப்பல் எந்தத் துறையில நிக்குது?" என்று கேட்டார்.

*

வெள்ளைக்கொடிக் கப்பல் பாய் அவிழ்த்துத் தயாராக நின்றது. பலகைப் பாலத்தின் அடியில் ஒரு மேசை, மேசைக்குப் பின்னால் மார்ஷலின் குமாஸ்தா. வெஸ்டகாட்டை ஏற இறங்கப் பார்த்தார்.

"இது அந்த ஆளு இல்லையே. அந்தக் கேப்டன் குள்ளமா இருப்பாரு."

"அவர் சமையக்காரர். இவர்தான் கேப்டன்," என்றார் பாஸ்லி.

"ஒபதியா, எனக்கு இந்த விளையாட்டெல்லாம் ஆகாது. இவரு கேப்டன்னு யாரு சத்தியம் பண்றது? நீ பண்ணுவியா? இவரை எத்தனை நாளாத் தெரியும் உனக்கு?"

"கேப்டனா மத்தியானத்துலேருந்து."

"அந்தக் குள்ளன்?"

"ஏற்கெனவே ஒரு தடவை கோர்ட்டுல பொய்ச் சத்தியம் பண்ணினவன்."

"அப்ப ஏத்தமாட்டேன். ரெண்டு மூணு மாசம் கழிச்சு அடுத்த கப்பல் வரும், அதுக்குள்ள விசாரிச்சுக்கலாம்." குமாஸ்தா பேனாவைத் துடைக்க ஆரம்பித்தார்.

ரெண்டு மூணு மாசம் என்றால் குளிர் வந்துவிடும். வெஸ்டகாட் என்னைப் பார்த்தார். நான் பாஸ்லியைப் பார்த்தேன். பாஸ்லி தன் முழங்காலைப் பார்த்தார்.

"நான் சத்தியம் பண்றேன்."

தார்ப் பீப்பாய்களுக்குப் பின்னாலிருந்து கெசியா வந்தாள். எவ்வளவு நேரமாக அங்கே நின்றாளோ. கண்ணெல்லாம் வீங்கியிருந்தது, நடை மட்டும் கதவைத் தள்ளிக்கொண்டு வருகிற அதே நடை.

"மிஸஸ் மெர்ரிமன், இவரு கேப்டன்னு உங்களுக்கு எப்படித் தெரியும்?"

"சமையக்காரர் இல்லைன்னு தெரியும். ரெண்டு பேருல ஒருத்தர் கேப்டன், ஒருத்தர் சமையக்காரர். மார்ச் மாசத்துலேருந்து என் அடுப்படியில இருந்தவர் இவர்தான்."

குமாஸ்தா பேனாவைக் கீழே வைத்தார். "அந்த ஈஸ்டர் விருந்து மீன் குழம்பு?"

"இவர் செஞ்சதுதான்."

"அப்ப சரி. சமையக்காரர் இல்லைங்கறதுக்கு நானே சாட்சி." அவர் மையைத் தொட்டுக்கொண்டார். "பைபிள் மேல கையை வைங்கம்மா."

அவள் வைத்தாள். குரல் நடுங்காமல் சொன்னாள். ஒவ்வொரு சொல்லும் அவரை அவளிடமிருந்து கடலுக்குள் தள்ளுகிற சொல் என்று அங்கே அவளைத் தவிர எங்கள் மூன்று பேருக்குத்தான் தெரியும். வெஸ்டகாட் தன் காலடியில் இருந்த பலகையையே பார்த்துக்கொண்டு நின்றார். அவள் அவர் பக்கம் திரும்பவே இல்லை.

"முடிஞ்சுது," என்றார் குமாஸ்தா. "இன்னும் ஒண்ணே ஒண்ணு பாக்கி. சாட்சி சொல்றவங்களுக்குக் கைதி என்ன உறவுன்னு எழுதணும். சட்டம். இவர் உங்களுக்கு என்ன வேணும்?"

கெசியா கப்பலை நிமிர்ந்து பார்த்தாள். மேலே மாலுமிகள் கயிற்றை அவிழ்க்கத் தொடங்கியிருந்தார்கள்.

"இன்னும் ஒண்ணும் இல்லை," என்றாள்.

வெஸ்டகாட் தலையைத் தூக்கினார்.

குமாஸ்தா பேனாவைப் பிடித்தபடி விழித்தார். "இல்லைன்னு எழுதிக்கவா?"

"சொன்னதைச் சொன்னபடி எழுதுங்க," என்றாள் கெசியா. "'இன்னும்'ங்கறதை விட்டுடாதீங்க."